எல்டோர் எண்ணி வைத்த சோள முத்துகள்

கம்பியை மண்ணில் இறக்குவதற்கு முன் எல்டோர் தொப்பியைக் கழற்றி இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொள்வார். நாலடி நீளக் கம்பி, விரல் பருமன், மேலே குறுக்காக ஒரு கைப்பிடி. அதை இரண்டு கையாலும் பிடித்து உடம்பின் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் சாய்ப்பார். யாரும் தொடாத மண் என்றால் ஒரு அடியில் கம்பி நின்றுவிடும். எப்போதோ தோண்டி மூடிய மண் என்றால் மூன்றடி வரை தடையில்லாமல் போகும். "ஒரு தடவ தொறந்த மண்ணு பழையபடி இறுகாது. நூறு வருஷம் ஆனாலும் சரி," என்பார். கம்பியை உருவி, நுனியில் ஒட்டிய ஈர மண்ணைப் பெருவிரலால் வழித்து, எடுத்த துளைக்குள்ளேயே போட்டு, பூட்ஸ் குதிகாலால் மிதித்து மூடுவார். அதற்குப் பிறகுதான் தொப்பி தலைக்கு ஏறும்.

வயது எழுபத்தேழு. பெயர் எல்டோர் ப்ராக்மன். சீயோன் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தை நாற்பத்தோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். குழி வெட்டுவது, புல் வெட்டுவது, சாய்ந்த கல்லை நிமிர்த்துவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். நின்றால் எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் பேசுவார். முகத்தில் எதையும் காட்டமாட்டார். ஆனால் கூச்சப்பட்டால் காது இரண்டும் பீட்ரூட் நிறத்துக்குப் போய்விடும். அதை மறைக்கத் தொப்பியைக் கீழே இழுப்பார். காது பெரியது. தொப்பி போதாது.

நான் அந்த ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கிறவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன், அம்மா படுக்கையில் விழுந்ததால். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஜன்னல் துடைக்கிறவளுக்குப் பேச்சு தேவையில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்படிப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் குடும்பக் கல்லறை கிடையாது. ஜெர்மனியில் ஹானோவர் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்த பதின்மூன்று குடும்பங்கள், 1868இல், சோளம் சரியாக வராத ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்து அதைச் செத்தவர்களுக்கு ஒதுக்கின. பண்ணைக்காரன், கூலிக்காரன் என்ற பேதம் ஊரில் நிறையப் பார்த்துவிட்டு வந்தவர்கள். இங்கே அது வேண்டாம் என்று விதி எழுதினார்கள்: யார் எந்த வரிசையில் சாகிறார்களோ அந்த வரிசையில் படுக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி ஆனாலும் சேர்த்து வைப்பதில்லை. முதலில் போனவள் மார்கரெத்தே என்ற பதினெட்டு வயதுப் பெண். அப்போது ஆலயமே கட்டவில்லை. கல்லறைதான் முதலில் வந்தது, பிறகு மணி, அதற்கும் பிறகுதான் சுவர்.

இந்த வரிசையால் வந்த வேடிக்கைகள் எல்டோருக்கு அத்துப்படி. நான்காவது வரிசையில் ஹைன்ரிஷும் கோன்ராடும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள். ஒரு ஆண் பன்றி வேலி தாண்டியதற்காக முப்பது வருடம் பேசாமல் இருந்தவர்கள், ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் புல் வெட்டும்போது, "இன்னும் பேசல போலிருக்கு," என்பார் எல்டோர். அவருடைய மனைவி ரூத்துக்கும் அப்படித்தான் அமைந்தது. வாழ்நாள் முழுக்க அவளுக்குப் பிடிக்காத ஹார்வியின் பக்கத்து இடம். "அவ புகையில வாசனய ஒத்துக்கமாட்டா. இப்ப என்ன பண்றாளோ," என்றார் அடக்கம் முடிந்த அன்று. சிரிக்கவில்லை. ஹாம் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தபடி இரண்டு மணி நேரம் கையில் வைத்திருந்தார்.

இந்த மேட்டுக்கு அவமானமும் பழக்கம்தான். 1918இல், ஜெர்மனியோடு சண்டை நடந்த சமயம், டவுனிலிருந்து ஆட்கள் வந்து ஜெர்மன் எழுத்து இருந்த கல்லிலெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் சில கல்லின் பள்ளங்களில் மஞ்சள் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு நம்மவர்களே ஆங்கிலத்தில் கல் வைக்க ஆரம்பித்தார்கள். யார் பெயின்ட் அடித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய கடையிலேயேதான் நம்மவர்கள் பெயின்ட் உரிக்க மண்ணெண்ணெய் வாங்கினார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் அப்படிப்பட்ட ஜனங்கள்.

மணி விஷயத்தைச் சொல்லவேண்டும். சபையில் ஒருவர் இறந்தால், மறுநாள் காலை எட்டு மணிக்கு அவருடைய வயதுக்கு எத்தனை வருடமோ அத்தனை அடி. ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு ஒரே அடி. முதல் அடி விழுந்ததும் டிராக்டர்கள் நிற்கும், பெண்கள் அடுப்பைத் தணிப்பார்கள், எல்லோரும் எண்ணுவார்கள். எண்பத்தொன்று என்றால் இன்னார், ஐம்பத்தாறு என்றால் அந்தப் புற்றுநோய்க்காரி என்று டெலிபோன் அடிப்பதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். மணி அடித்தால்தான் ஒருவர் செத்ததாகக் கணக்கு.

எண்ணிக்கை தவறக்கூடாது என்பதற்காக எல்டோர் மக்காச்சோள முத்துகளைத் தொப்பியில் கொண்டுவருவார், வருடத்துக்கு ஒன்று. கயிறு தொங்கும் சின்ன அறையில் ஜன்னல் விளிம்பில் அவற்றைப் பத்துப் பத்தாக அடுக்கிவைப்பார். ஒரு அடி, ஒரு முத்து தொப்பிக்குத் திரும்பும். ஒருமுறை தும்மல் வந்து ஒன்று தவறிவிட்டது. செத்தவளின் தங்கை வெர்னா வந்து, எங்கக்காவுக்கு எழுபத்தொம்பதுதான், நீ எம்பதாக்கிட்ட, அவ இருந்தா உன்ன சும்மா விடமாட்டா என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டாள். காது இரண்டு நாளைக்குச் சிவந்திருந்தது. அந்த அறையைப் பெருக்கும்போது மூலையில் ஒன்றிரண்டு முத்து கிடைக்கும். குப்பையில் போடமாட்டேன். ஏப்ரன் பையில் போட்டுவைத்துக் குருவிகளுக்கு வைப்பேன்.

மதியச் சாப்பாட்டை எல்டோர் தன் டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து சாப்பிடுவார். எப்போதும் தெற்கே பார்த்து. வெயில் முகத்தில் அடித்தாலும் திரும்பி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பது வடக்கு வேலி.

வடக்கு வேலிக்கு அந்தப் பக்கமும் ஆலயத்தின் நிலம்தான். முப்பதடி அகலத்தில் ஒரு துண்டு. கல் எதுவும் கிடையாது. மே மாதம் மட்டும் அங்கங்கே நீல ஐரிஸ் பூக்கும், வரிசையில்லாமல், யாரோ கை போனபோக்கில் வீசியது மாதிரி. வீசியதுதான். வசந்தத்தில் பெண்கள் கல்லறைப் பூச்செடிகளைக் களையும்போது மிஞ்சிய கிழங்குகளைக் குப்பை எறிவதுபோல வேலிக்கு மேலாக எறிவார்கள். படுக்கையில் விழும்வரை என் அம்மாவும் எறிவாள். எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஆனால் எப்போதும் ஒரே கம்பத்துக்கு நேராகத்தான் எறிவாள். எல்டோர் புல்வெட்டும் வண்டியை அந்தப் பூங்கொத்துகளைச் சுற்றிச் சுற்றித்தான் ஓட்டுவார். கேட்டால், "பிளேடுல கிழங்கு சிக்கிக்கும்," என்பார்.

முன்னோர்கள் எழுதிய விதியில் இன்னொரு வரியும் இருந்தது. ஞானஸ்நானம் இல்லாமல் போன குழந்தையும், தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவரும் வரிசையில் படுக்கக்கூடாது. வேலிக்கு வெளியே. போதகர் இல்லை, அடக்கம் முடிந்து தரும் காபி இல்லை, மணி இல்லை.

அங்கே என் அக்கா இருக்கிறாள். 1950 பிப்ரவரியில் பிறந்து இரண்டு மணி நேரம் இருந்தாள். அன்று பனியில் போதகரின் கார் மாட்டிக்கொண்டது. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீரைத் தெளித்து பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூன்று நாமத்தைச் சொல்லலாம் என்று எங்கள் வேதபாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அவர் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவர். தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி, போதகர் வந்துடட்டும், வந்துடட்டும் என்று நின்றாராம். குழந்தைக்கு அவ்வளவு நேரம் இல்லை. அப்பா சாகும்வரை கிண்ணத்தில் எதையும் குடிக்கமாட்டார். சூப்பைக்கூடத் தட்டில்தான் ஊற்றித் தரவேண்டும்.

எல்டோரின் அண்ணன் அர்னோ தூரத்தில் ஒரிகன் மாநிலத்தில் இருப்பதாகத்தான் நான் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தேன். அங்கே ஆப்பிள் தோட்டம், ஊருக்கு வர நேரமில்லை. சபை விருந்துகளில் யாராவது, அர்னோ எப்படி இருக்கான் என்று கேட்பார்கள். "நல்லா இருக்கான். இந்த வருஷம் காய்ப்பு ஜாஸ்தி," என்பார் எல்டோர். இன்னொரு வருடம் பனி அடித்து எல்லாம் கருகிவிட்டது என்பார். அந்தத் தோட்டத்தை அவர் ஒழுங்காகத்தான் பராமரித்து வந்தார். காது மட்டும் சிவக்கும்.

எனக்கு இருபது வயதானபோது அம்மா படுக்கையிலிருந்தே ஒருநாள் சொன்னாள். அர்னோ 1958 மார்ச்சில் அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையிலேயே முடித்துக்கொண்டான். வயது இருபத்து மூன்று. அப்போது அவர்களுடைய அப்பாதான் சபைக் கமிட்டியின் தலைவர். விதி எல்லோருக்கும்தான், என் வீட்டிலிருந்தே தளர்த்தினால் நாளைக்கு யாரிடம் என்ன சொல்வேன் என்று அவரே கேட்டாராம். விடிந்ததும் அவரும் எல்டோரும் பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு பேரும் வேலிக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்கள். எட்டு மணிக்கு எல்டோர் பழக்கப்படி மணிக் கயிற்றிடம் போனாராம். அப்போதே மணி அவர் பொறுப்புதான். பதினேழு வயது. அப்பா தோளில் கைவைத்து, வீட்டுக்குப் போ என்றார். போய்விட்டார். மணி அடிக்காததால் அர்னோ சாகவில்லை. சாகாதவனை எங்காவது வைத்தாக வேண்டுமே, ஒரிகனில் வைத்தார்கள்.

வயதானவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஆப்பிளைப் பற்றிக் கேட்டார்கள். அதை அவர்கள் ஒரு மரியாதை என்று நினைத்தார்கள். நானும் கேட்டிருக்கிறேன், ஒரு முறை, உண்மை தெரிந்த பிறகு. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒன்றும் கிடைக்காமல் கேட்டுவிட்டேன். இப்போதும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ரூத்துக்குத் தெரியாது என்று எல்டோர் நாற்பத்தொன்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் அவள் அவர் கையைப் பிடித்து, "நான் முன்னாடி போய் அர்னோகிட்ட சொல்லிடறேன், நீ வருத்தப்பட்டேன்னு," என்றாளாம். அடக்கத்தன்று சமையலறையில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த என்னிடம், என் ஏப்ரனைப் பார்த்துக்கொண்டு, இதைச் சொன்னார். நான் பதிலாக இன்னொரு கோப்பையைத் துடைத்தேன்.

சபைக்கு இந்த வருடம் நூற்றைம்பது நிறைகிறது. செப்டம்பரில் விழா. சிறப்பு மலருக்குக் கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றை எழுதச் சொல்லி எல்டோரைக் கேட்டார்கள். தச்சர் பென்சிலால் நாலு பக்கம் எழுதினார். மார்கரெத்தே, மணி, மஞ்சள் பெயின்ட், பன்றி எல்லாம் இருந்தது. கடைசி வரி: இங்கே மொத்தம் 412 பேர் துயில்கிறார்கள். போதகரின் மேசையைத் துடைக்கும்போது படித்தேன். வடக்கு வேலி அதில் இல்லை.

மே மாதக் கமிட்டிக் கூட்டம் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. நான் காபி ஊற்றினேன். இப்போதைய தலைவர் டாரல் ஓட்டிங், ஐம்பது வயது, நல்ல மனிதர், எதையும் தள்ளிப்போடாதவர். அன்று அவர் மகன் டிராவிஸுக்கு இருபத்து மூன்றாவது பிறந்தநாள். பையன் கான்சாஸ் சிட்டியில் வேலையில் இருந்தான், அவன் இல்லாமலே கேக் கொண்டுவந்திருந்தார். விழாவுக்கு வெளியூரிலிருந்து முந்நூறு பேர் வருவார்கள், கார் நிறுத்த இடமில்லை, வேலிக்கு வடக்கே இருக்கிற துண்டைச் சமன்படுத்தி ஜல்லி கொட்டிவிடலாம், இரண்டு லாரிக்குச் சொல்லியாகிவிட்டது, சனிக்கிழமை காலை வரும் என்றார். பிறகு வரைபடத்திலிருந்து தலையை நிமிர்த்தி எல்டோரைக் கேட்டார்.

"எல்டோர் மாமா, வேலிக்கு அந்தாண்ட ஏதாச்சும் இருக்கா? உங்களுக்குத் தெரியாம இந்த மேட்டுல ஒரு எலி வளைகூட இருக்காதே."

மேசையில் ஒன்பது பேர். அதில் மூன்று பேருக்கு எழுபத்தைந்துக்கு மேல். மூன்று பேரும் கேக்கை முள்கரண்டியால் சின்னச் சின்னதாக வெட்ட ஆரம்பித்தார்கள். எல்டோரின் காது நிறம் மாறியதை நான் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல. புல்லுதான்."

"பூ இருக்கே?"

"யாரோ வீசுன கிழங்கு."

டாரல் வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். வீசியவளின் மகள் காபிக் கூஜாவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். நான் வாயைத் திறந்திருக்கலாம். அக்கா என்று ஒரு சொல் போதும். காபி தட்டில் வழிந்து வெர்னாவின் புருஷன் மடியில் சொட்டியபோதுதான் எனக்கு நினைவு வந்தது. மன்னிப்புக் கேட்டுத் துணி எடுக்கப் போனேன். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவை அந்த நிமிடத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எல்லோரும் போன பிறகு எல்டோர் தன் கோப்பையைத் தானே கழுவி, துடைத்து, அலமாரியில் கைப்பிடி வலப்பக்கம் பார்க்க வைத்தார். போகாமல் நின்றார்.

"நீ ஒண்ணும் சொல்லல, எல்வீரா."

"நீங்களும் சொல்லல."

"ஆமா," என்றார். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறினார்.

அந்த வாரம் முழுவதும் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். புதன்கிழமை கம்பியோடு வேலிக்கு அந்தப் பக்கம் போனார். நான் பார்த்து அவர் அங்கே கம்பியோடு போனது அதுதான் முதல் தடவை. பெல்ட்டில் தொப்பி. இறக்குவார், உருவுவார், மண்ணைத் திருப்பிப் போட்டு மிதிப்பார், பாக்கெட்டிலிருந்து காகிதம் எடுத்துக் குறிப்பார். சின்னக் குழிகளுக்குக் கம்பி அதிகம் இறங்கத் தேவையில்லை. அவசரத்தில் வெட்டியவை, ஆழமில்லாதவை. கடைசியில் மேற்கு மூலைக்குப் போனார். அங்கே கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர இறக்கவில்லை. அந்தக் குழியை வெட்டியவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாதா?

வியாழக்கிழமை அவர் டாரல் வீட்டுப் பக்கம் டிரக்கை ஓட்டிக்கொண்டு போனதாகவும், வாசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டு, சோளம் நல்லா முளைச்சிருக்கு என்று சொல்லித் திரும்பியதாகவும் டாரலின் மனைவி பிறகு சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நான் மணி அறையைப் பெருக்கப் போனேன். ஜன்னல் விளிம்பில் சோள முத்துகள் அடுக்கியிருந்தன. பத்து, பத்து, மூன்று. யாரும் சாகவில்லையே என்று நினைத்தேன். இருபத்து மூன்று என்றால் சபையில் டாரலின் பையன் ஒருவன்தான், அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒரு கணம் பயந்தேன். பிறகு ஒரு கை தள்ளி இன்னொரு வரிசையைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடம் விட்டு, ஒற்றை ஒற்றையாகப் பத்து முத்து. அவற்றுக்குக் கீழே அந்த நாலு பக்கம், கடைசிப் பக்கம் மேலே இருந்தது. 412ஐ ரப்பரால் அழித்து, காகிதம் கொஞ்சம் கிழிந்த இடத்திலேயே 423 என்று எழுதியிருந்தது.

அந்த விளிம்பை நான் துடைக்கவில்லை. தரையை மட்டும் பெருக்கிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை எனக்கு வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வடக்கு வேலிக்கு அருகே இரண்டு லாரியும் இன்ஜினை அணைக்காமல் நின்றன. வெளியூர் டிரைவர்கள். டாரல் கையைக் காட்டி எங்கே கொட்டுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மணி அறைக்கு வெளியே, கோட்டு மாட்டும் இடத்தில் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. எல்டோர் உள்ளே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், என் கோட்டுப் பொத்தானை. எட்டு மணிக்குக் கயிற்றை இழுத்தார்.

முதல் அடியிலேயே டாரல் தொப்பியைக் கழற்றியது ஜன்னலில் தெரிந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் நின்றது. எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். எழுபதும் எண்பதும் எதிர்பார்த்திருப்பார்கள். பத்து. பதினைந்து. இருபது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு முத்து தொப்பிக்குப் போனது. இருபத்து மூன்றில் கயிறு நின்றது.

டாரல் ஓடிவந்தார். கையில் செல்போன், காதில் வைத்தும் எடுத்தும், அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது. முகத்தில் ரத்தம் இல்லை.

"யாரு? எல்டோர் மாமா, யாருக்கு? என் பையனா? உங்களுக்கு யாரு சொன்னா?"

எல்டோர் கயிற்றை விட்டுவிட்டார். இந்த ஒன்றை அவர் யோசித்திருக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. இருபத்து மூன்று என்றால் அவருக்கு உலகத்தில் ஒருவன்தான். காது, கழுத்து, நெற்றி எல்லாம் சிவந்தது.

"இல்லப்பா, உன் பையன் இல்ல. அத நான் நெனச்சுப் பாக்கல. மன்னிச்சுக்க. இது அர்னோ."

"உங்க அண்ணனா? ஒரிகன்லயா? எப்ப?" டாரலுக்கு மூச்சு திரும்பிக்கொண்டிருந்தது. "அவருக்கு எம்பது இருக்குமே மாமா, தப்பா எண்ணிட்டீங்க."

"சரியாத்தான் எண்ணுனேன். அம்பத்தெட்டுல, மார்ச் மாசம். அவன் ஒரிகன் போகல, டாரல். எங்கயும் போகல. நீ ஜல்லி கொட்டச் சொன்ன எடத்துல இருக்கான். நாந்தான் வெட்டுனேன். நீ கேட்டப்ப புல்லுன்னு சொன்னதும் நாந்தான்."

டாரல் கோட்டு மாட்டும் இடத்தின் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் கையிலிருந்த போனில் அந்தச் சமயம் பையனின் குரல் கேட்டது, என்னப்பா, தூங்கிட்டிருந்தேன் என்று. டாரல், ஒண்ணுமில்ல, தூங்கு, தூங்கு என்று சொல்லி வைத்தார். எழுந்து வெளியே போனார். ஜன்னலில், அவர் லாரிகளுக்கு முன்னால் போய் நின்று, கழுத்துக்குக் குறுக்கே கையை வெட்டிக் காட்டுவது தெரிந்தது. ஒரு இன்ஜின் நின்றது. பிறகு இன்னொன்று. அதற்குள் சாலையில் நாலைந்து கார் வந்துவிட்டது. வெர்னா செருப்பை மாற்றாமல் வீட்டுச் செருப்போடு இறங்கினாள். யாரும் உள்ளே வரவில்லை. வேலி ஓரமாக நின்றார்கள், பூவைப் பார்த்துக்கொண்டு.

எல்டோர் இரண்டாவது வரிசையின் முதல் முத்தை எடுத்தார். ஒரு அடி. மணியின் அதிர்வு முழுக்க அடங்கும்வரை காத்திருந்தார். இன்னொரு முத்து. ஒரு அடி. வேலி ஓரத்தில் வயதான ஒரு பெண் பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூன்று. நாலு. நாலாவது அடி வெர்னாவின் குழந்தைக்கு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எண்ணிக்கை தவறியதற்குச் சண்டைக்கு வந்த அதே வெர்னா, வீட்டுச் செருப்போடு புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தாவது முத்தை எடுத்தவர் தொப்பியில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாக்கெட்டிலிருந்த காகிதத்தைப் பார்க்கவில்லை.

"அம்பதாம் வருஷம், பிப்ரவரி," என்றார், சுவரைப் பார்த்து.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்டோர் திரும்பவில்லை. அக்காவின் முத்தை விளிம்பின் ஓரத்தில், என் பக்கமாக, வைத்தார். பிறகு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தார். பிடித்த கைகளை ஒரு முழம் மேலே நகர்த்திக்கொண்டு, கீழே இன்னும் இரண்டு கைக்கு இடம் விட்டு நின்றார்.